தங்கவயலின் அடியில் நிற்கும் நீர்

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி கோலார் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. பிறகு நீரிறைக்கும் பம்புகளும் நின்றன. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் சுரங்க வழிகளில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அங்கே பாறையின் சூடு 60 பாகை செல்சியஸைத் தாண்டும். வட ஆற்காட்டிலிருந்தும் சேலம் பக்கமிருந்தும் வந்து, லைன் வீடுகள் எனும் தொழிலாளர் குடியிருப்புகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழர்கள் அந்தச் சூட்டில் பாறை உடைத்தார்கள். நுரையீரலில் கல்தூசி படிந்தும், பாறை வெடித்துச் சிதறியும் பலர் இறந்தார்கள். அவர்கள் திறந்துவைத்த ஆழத்தில் இப்போது நீர் நிற்கிறது.

வேறொரு கோளின் நீரில் உயிர் இருக்குமா என்ற கேள்வியை அந்த நீரின் பக்கத்தில் நின்று கேட்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு தங்கச் சுரங்கம் அந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் சொல்லிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் அருகே உள்ளது ம்போனெங். அங்கே 2.8 கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு பாறைப் பிளவிலிருந்து நீர் கசிந்தது. மேலுலகத்தோடு பல லட்சம் ஆண்டுகள் தொடர்பே இல்லாமல் கிடந்த நீர் அது. அதிலிருந்த உயிர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் ஒரே ஒரு பாக்டீரியா இனம். டெசல்ஃபோருடிஸ் அவுடாக்ஸ்வியேட்டர் என்று பெயர். 2008-ல் அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். வெயில் தேவையில்லை, ஆக்சிஜன் தேவையில்லை, வேறொரு உயிரின் மிச்சமும் தேவையில்லை. தனக்கு வேண்டிய கரியையும் நைட்ரஜனையும் தானே எடுத்துக்கொள்ளும் திறன் அந்த மரபணுக்களில் எழுதியிருக்கிறது.

அதற்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்பதுதான் இதில் மிக முக்கியம். பாறையில் உள்ள யுரேனியம் போன்ற தனிமங்களின் கதிர்வீச்சு நீர் மூலக்கூற்றை உடைக்கிறது. ஹைட்ரஜன் பிறக்கிறது. உடைந்த மற்றத் துணுக்குகள் கந்தகக் கனிமங்களைத் தாக்கி சல்ஃபேட்டை உண்டாக்குகின்றன. ஹைட்ரஜனையும் சல்ஃபேட்டையும் சேர்த்து அந்த உயிர் தன் ஆற்றலைப் பெறுகிறது. பாறை, நீர், கதிரியக்கம், இவை மூன்றும் போதும். சூரியன் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

சனியின் நிலவான என்செலடஸ் சுமார் 500 கிலோமீட்டர் விட்டமே உள்ள பனியுருண்டை. அதன் தென்முனைப் பிளவுகளிலிருந்து நீர் பீறிட்டு விண்வெளியில் தெறிப்பதை காசினி விண்கலம் கண்டது. அந்தத் தாரைக்குள்ளேயே புகுந்து பறந்து அளந்ததில் ஹைட்ரஜன் கிடைத்தது. 2017-ல் அறிவித்தார்கள். ம்போனெங்கின் பாக்டீரியா உண்ணும் அதே ஹைட்ரஜன். வியாழனின் நிலவான யூரோப்பாவின் பனிக்குக் கீழே, பூமியின் கடல்கள் அனைத்தையும்போல இரண்டு மடங்கு நீர் இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். 2018-ல் பிரேசில் ஆய்வாளர்கள் சிலர் ம்போனெங்கின் கணக்கை யூரோப்பாவின் கடலடிப் பாறைக்குப் போட்டுப் பார்த்து, அங்கும் இப்படி உயிர் பிழைக்க வழியுண்டு என்றார்கள். வழி இருப்பதனாலேயே உயிரும் இருந்தாக வேண்டும் என்றில்லை. உயிர் முதலில் எப்படித் தொடங்கியது என்பது நமக்கே பிடிபடாத வரை, நீரும் உணவும் இருக்கும் கடல் முழுக்க வெறுமையாகவும் கிடக்கலாம்.

124 ஒளியாண்டு தொலைவிலுள்ள கே2-18பி கோளின் காற்றில் உயிர்களோடு தொடர்புள்ள வாயுவின் தடயம் தெரிகிறது என்று, கேம்பிரிட்ஜில் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு 2025-ல் அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதே தரவுகளை மறுபடி அலசிய மற்றவர்கள் அவ்வளவு உறுதி இல்லை என்றார்கள். நட்சத்திர ஒளியில் ஒரு மெல்லிய பள்ளத்தை வைத்து நடக்கும் இந்த வாதம் தேவையானதுதான். ஆனால் புட்டியில் பிடிக்கக்கூடிய நீர் நம் காலடியில் இருக்கிறது.

தங்கவயலின் ஆழம் அறிவியலுக்குப் புதிதல்ல. 1965-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இங்கே 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தன. ஏறத்தாழ அதே மாதங்களில் தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கத்திலும் அதே துகள் சிக்கியது. இயற்பியலில் இரண்டு சுரங்கங்களும் தோளோடு தோள் நின்றன. ஆழத்து உயிர்களைத் தேடும் காலம் சூடுபிடித்தபோது தென்னாப்பிரிக்காவில் ஆட்களை இறக்கும் கேஜ் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது, நம்முடையது நின்றுவிட்டது. நட்டக் கணக்கு பார்த்து மூடியவர்கள், அந்த ஆழத்துக்கு வேறு என்ன விலை உண்டு என்று கேட்டார்களா? பின்னாளில் மகாராஷ்டிரத்தின் கொய்னாவில், நிலநடுக்க ஆய்வுக்காக மூன்று கிலோமீட்டர் ஆழத்துப் பாறைவரை புதிதாகத் துளையிட்டார்கள். அந்தப் பாறையிலும் நுண்ணுயிர்கள் இருப்பதை ஐஐடி காரக்பூர் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

தங்கவயலில் இனி எடுக்கும் நீர் பழைய நீராக இருக்காது. மழையும் கசிவும் ஆலைக் கழிவும் கலந்திருக்கும். ம்போனெங்கில் கேட்ட கேள்வியை அப்படியே இங்கே கேட்க முடியாது. வேறொன்றைக் கேட்கலாம். ஏறத்தாழ 270 கோடி ஆண்டுப் பழைய எரிமலைப் பாறையில், மனிதன் உடைத்த புதிய முகங்களில், இருட்டில் நீர் வந்து நிரம்பியிருக்கிறது. தொடங்கிய காலமும் நமக்குத் தெரியும். அந்தப் பாறையில் முதலில் குடியேறுவது எது, அது மேலிருந்து வந்ததா, பிளவுகளுக்குள் காத்திருந்ததா, எதை உண்கிறது? 2030-ல் வியாழனைச் சென்றடைந்து யூரோப்பாவை ஆராயவிருக்கும் கிளிப்பர் கலத்தின் அளவீடுகளைப் படிக்கப்போகிறவர்களுக்கு இப்படிப்பட்ட விடைகள் வேண்டும்.

ஊரைச் சுற்றி நிற்கும், சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளிலிருந்து மிச்சத் தங்கத்தை எடுக்க 2024-ல் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்திருக்கிறது. மேட்டு மண்ணில் டன்னுக்கு எத்தனை கிராம் என்று அளக்க வருகிறவர்களோடு ஒரு நுண்ணுயிரியலாளரும் வரட்டும். ஷாஃப்ட்டுகளில் மாதிரி எடுக்கும் குப்பிகள் இறங்கட்டும். கிடைத்ததை எழுதும்போது, அந்த ஆழத்தை வெட்டியவர்கள் யார் என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதட்டும்.