சுவடிக்கட்டுக்குள் ஒரு கத்தி

திருக்கோவலூர் அரண்மனை வாயில்களை ஒவ்வொன்றாகக் கடந்து ஒருவன் உள்ளே வருகிறான். உடம்பெல்லாம் திருநீறு, தலையில் சடைமுடி, கையில் சுவடிக்கட்டு. காவலர்கள் வணங்கி வழிவிடுகிறார்கள். வருகிறவன் அடியார் அல்ல. போரில் பலமுறை தோற்ற பகை அரசன் முத்தநாதன். சுவடிக்கட்டுக்குள் கத்தி இருக்கிறது. வாசகருக்கு இது தெரியும், அரசர் மெய்ப்பொருளாருக்குத் தெரியாது. கடைசி வாயிலில் தத்தன் என்ற காவலன் மட்டும் தயங்கித் தடுக்கிறான். அவனையும் மீறி உள்ளே போன முத்தநாதன், எங்கும் கிடைக்காத ஆகமம் ஒன்றைக் கொண்டுவந்திருப்பதாகவும் அதைத் தனிமையில்தான் ஓத முடியும் என்றும் சொல்கிறான். அரசர் அரசியை அனுப்பிவிட்டு, வந்தவனை ஆசனத்தில் அமர்த்தித் தாம் தரையில் உட்கார்ந்து தலை வணங்குகிறார். கட்டு அவிழ்கிறது.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் அமைத்த காட்சி இது. இன்றைய திரைக்கதை ஆசிரியர்கள் பெரிதும் நம்பியிருக்கும் உத்தி, அதாவது பாத்திரத்துக்குத் தெரியாத ஆபத்தை முன்கூட்டியே பார்ப்பவருக்குக் காட்டிவிடுவது, இங்கே முழுமையாக இருக்கிறது. ஆனாலும் பக்தி நூலையும் மர்ம நூலையும் சேர்த்துப் பரிந்துரைத்தால் இரண்டு பக்கமும் முகம் சுளிக்கிறார்கள். பரபரப்பு பக்தியை மலிவாக்கிவிடும் என்பது ஒரு தரப்பு. மர்ம ரசிகர்கள் கேட்பது இன்னும் கூர்மையான கேள்வி: கடவுள் வந்து காப்பாற்றுவார் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன மர்மம்?

இதற்கான பதிலும் மெய்ப்பொருளார் கதையிலேயே உண்டு. கத்தியைக் கடவுள் தடுக்கவில்லை, குத்து விழுகிறது. ஓடி வந்து வாளை ஓங்கிய தத்தனை, விழுந்துகொண்டே அரசர் தடுத்துவிடுகிறார். அடியார் வேடத்தில் வந்தவனுக்குத் தீங்கு நேரக்கூடாது, ஊர் எல்லைவரை பத்திரமாகக் கொண்டுபோய் விட்டு வா என்கிறார். கொதித்து எழுந்த மக்களை விலக்கிக்கொண்டு தத்தன் அவனை அழைத்துப் போகிறான். அந்தச் செய்தி திரும்பி வரும்வரை அரசர் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். உயிர் தப்புமா என்பதில் இந்தக் கதையின் முடிச்சு இல்லை. வாழ்நாளெல்லாம் பற்றியிருந்ததை இந்த நிலையிலும் விடாமல் இருப்பாரா என்பதில்தான் இருக்கிறது. நம்பிக்கையைப் பேசும் நல்ல மர்மக் கதைகள் எல்லாவற்றிலும், எந்தச் சமயமானாலும், இந்த இரண்டாவது முடிச்சு ஒன்று கிடக்கும். யாருக்கு எந்த நூல் என்பதை அதை வைத்தே முடிவு செய்யலாம்: விடை கிடைக்காத கேள்வியை எந்த வயது எவ்வளவு தூரம் சுமக்கும்?

எட்டு வயதில் முடிச்சு அவிழ்ந்தே ஆக வேண்டும். அதற்குப் பிரகலாதன் கதையை மிஞ்சிய கதை கிடைப்பது அரிது. இரணியன் வாங்கிய வரத்தைக் குழந்தையிடம் ஒரு புதிராகச் சொல்லிப் பார்க்கலாம். மனிதனாலும் மிருகத்தாலும் சாவு கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் கூடாது, மண்ணிலும் விண்ணிலும் கூடாது, எந்த ஆயுதத்தாலும் கூடாது. இப்போது எப்படி? பதிலைச் சொல்லாமல் ஓர் இரவு விட்டுவிட்டால் குழந்தை தானே ஒவ்வொரு ஓட்டையையும் தேடத் தொடங்கும். வால்மீகியில் இல்லாத இந்தக் கதையைக் கம்பர் யுத்த காண்டத்துக்குள் ஒரு தனிப் படலமாகவே கொண்டுவந்து, இராவணனுக்கு அறிவுரை சொல்லும் வீடணன் வாயில் வைத்தார். இதே வயதுக்கு சி.எஸ். லூயிஸ் 1950இல் வெளியிட்ட நார்னியா வரிசையின் முதல் நூலும் ஏற்றது. தின்பண்டத்துக்கு ஆசைப்பட்டுக் கூடப்பிறந்தவர்களைக் காட்டிக்கொடுக்கும் எட்மண்டைக் குழந்தைகள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். அஸ்லான் என்ற சிங்கத்துக்குப் பின்னால் இருக்கும் கிறிஸ்தவப் பொருளைப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க வேண்டியதில்லை.

இந்த வயதில் கொடுக்கவே கூடாதவையும் உண்டு. பெற்ற பிள்ளையையே அடியாருக்குக் கறியாக்கும் சிறுத்தொண்டர் கதை பெரியவர்களையே உலுக்குவது, அது காத்திருக்கட்டும். சாமி கண்ணைக் குத்திவிடும் என்ற பயத்தை மட்டும் மிச்சம் வைக்கும் கதைகளும் வேண்டாம். அவை மர்மத்துக்கும் உதவாது, பக்திக்கும் உதவாது.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நியாய உணர்வு சூடாக இருக்கும். அந்த வயதுக்கென்றே எழுதியதுபோல ஒரு துப்பறியும் கதை பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இருக்கிறது. பழி அஞ்சின படலம் என்று பெயர். அதிகம் பேர் அறியாதது. மதுரைக்கு வரும் வழியில் ஓர் அந்தணர் மனைவியையும் கைக்குழந்தையையும் ஆலமரத்தடியில் விட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போகிறார். திரும்பி வரும்போது மனைவி அம்பு பாய்ந்து இறந்து கிடக்கிறாள். அதே மர நிழலில் ஒரு வேடன், கையில் வில்லோடு. சந்தேகப்பட இன்னும் என்ன வேண்டும்? வேடனைப் பாண்டியனிடம் இழுத்து வருகிறார்கள். அடித்துக் கேட்டும் அவன் ஒப்புக்கொள்ளவில்லை. சான்றுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்க, குலோத்துங்க பாண்டியனின் மனம் மட்டும் ஒப்பவில்லை. சோமசுந்தரரிடம் முறையிடுகிறான். இறைவன் விடையைச் சொல்லவில்லை. அதைத் தேடிப் போகும் வழியை மட்டும் காட்டுகிறான். வணிகர் தெருவில் நடக்கும் ஒரு கல்யாணத்துக்கு அந்தணரோடு போ என்பதுதான் கிடைத்த வாக்கு.

அங்கே யாருக்கும் தெரியாமல் நிற்கும் இருவர் காதிலும் எமதூதர்களின் பேச்சு விழுகிறது. மாப்பிள்ளை நல்ல உடல்நலத்தோடு இருக்கிறான், இவன் உயிரை எப்படி எடுப்பது என்கிறான் ஒருவன். எப்போதோ யாரோ எய்து ஆலமரத்தில் சிக்கியிருந்த அம்பைக் காற்றில் விழவைத்து அந்தப் பெண்ணின் உயிரை எடுத்தோமே, அதைப்போல இந்தக் கல்யாணச் சத்தத்தில் மாட்டை மிரளவைப்போம் என்கிறான் மற்றவன். சற்று நேரத்தில் மேளம் முழங்க, கட்டியிருந்த மாடு அறுத்துக்கொண்டு ஓடிவந்து மாப்பிள்ளையை முட்டிக் கொல்கிறது. வேடன் விடுதலையாகிறான், அரசன் அவனிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறான்.

வழக்கு தீர்ந்தது. ஆனால் கதை தீரவில்லை. அம்பை முதலில் எய்தவன் யார்? அவனுக்குப் பொறுப்பு உண்டா? எல்லாம் எமன் கணக்கு என்றால் குற்றம் என்று ஒன்று எதற்கு? கூர்மையான பிள்ளைகள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். பெரியவர்கள் அவசரப்பட்டு விதி, கர்மா என்று ஒரு சொல்லைக் கொடுத்து வாயை அடைக்காமல் இருந்தால் போதும்.

இந்தக் கதையைப் படித்த பிள்ளைக்கு அடுத்ததாக ஜி.கே. செஸ்டர்டனின் பாதிரியார் பிரவுனை அறிமுகப்படுத்தலாம். 1911இல் வந்த முதல் தொகுப்பின் முதல் கதை ‘நீலச் சிலுவை’. உப்பும் சர்க்கரையும் இடம் மாறிய ஓர் உணவகம், சுவரில் வீசிய சூப், உடைந்த கண்ணாடி என்று விநோதமான தடயங்களைப் பிடித்துக்கொண்டு பாரீஸ் போலீஸ் தலைவர் லண்டன் தெருக்களில் அலைகிறார். பாதிரி வேடமிட்ட திருடன் ஒருவனைப் பிரவுன் கண்டுபிடிப்பது பூதக்கண்ணாடியால் அல்ல, தான் கற்ற இறையியலால். எந்தப் பேச்சில் அவன் மாட்டிக்கொண்டான் என்பதை இங்கே சொல்லாமல் விடுவதே படிக்கப்போகிறவருக்கு நல்லது. ஜான் ஓ’கானர் என்ற உண்மையான பாதிரியாரைச் சந்தித்ததிலிருந்து பிறந்த பாத்திரம் இது. பாவமன்னிப்புக் கேட்க வருகிறவர்களின் அறிக்கைகளைக் கேட்டுக் கேட்டுத் தீமையை இவ்வளவு அறிந்த ஒருவர் இவ்வளவு எளியவராக இருக்க முடியுமா என்ற வியப்பு செஸ்டர்டனை எழுத வைத்தது. அவர் கத்தோலிக்கராக மாறியது அதற்கு வெகு பின்னால், 1922இல்தான்.

பதினாறு வயதுக்கு மேல் மெய்ப்பொருளாரை மூலத்தோடும் உரையோடும் படிக்கலாம். கூடவே இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டுவிடு கருப்பா’. 1990களின் பிற்பகுதியில் நாகாவின் இயக்கத்தில் ‘விடாது கருப்பு’ என்ற தொலைக்காட்சித் தொடராக வந்து வீடுகளைக் கட்டிப்போட்ட கதை. தப்பு செய்தவனைக் கருப்புதான் தண்டிக்கிறது என்று ஊர் நம்புகிறது. தெய்வமா, மனிதனா? நம்புகிறவனும் சந்தேகப்படுகிறவனும் ஒரே மரியாதையோடு பேச இடம் கொடுப்பது அதன் பலம். நாத்திகனைத் தோற்கடிப்பதற்கென்றே ஜோடித்த கதைகளில் இந்த விறுவிறுப்பு வருவதில்லை.

இருபதைத் தாண்டியவர்களுக்கு தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’, எம்.ஏ. சுசீலாவின் தமிழாக்கம் இருக்கிறது. கொலைகாரன் யார் என்பது தொடக்கத்திலேயே தெரியும். அவன் எப்போது, யார் முன்னால் உடைவான் என்பதுதான் மிச்சம்.

வாழ்க்கையில் ஒருமுறையாவது வேண்டிக்கொண்டு பதில் வராமல் நின்றவர்களுக்கு, பெரும்பாலும் நாற்பதைக் கடந்தவர்களுக்கு, ஷுசாகு எண்டோ 1966இல் எழுதிய ‘மௌனம்’. 17ஆம் நூற்றாண்டு ஜப்பான். கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டிருக்கிறது. தன் குரு ஃபெரேரா மதத்தைத் துறந்துவிட்டார் என்ற செய்தியை நம்ப முடியாமல் ரோட்ரிகஸ் என்ற இளம் பாதிரி ஒளிந்து ஒளிந்து அந்த நாட்டுக்குள் நுழைகிறார். ஃபெரேரா வரலாற்றில் இருந்தவர். 1633இல் சித்திரவதையில் மதத்தைக் கைவிட்டவர். இயேசுவின் உருவம் பொறித்த தகட்டின் மேல் கால் வைத்தால் மற்றவர்கள் பிழைப்பார்கள் என்ற நிலை ரோட்ரிகஸுக்கும் வருகிறது. மெய்ப்பொருளாருக்கு எது விடக்கூடாதது என்பது தெளிவாக இருந்தது. இங்கே விடுவதா, விடாமலிருப்பதா, எது நம்பிக்கை என்பதே குழம்பிப்போகிறது. கதை முடிந்துவிட்டது என்று நினைத்துக் கடைசிப் பக்கங்களில் வரும் அதிகாரி ஒருவரின் வறண்ட நாட்குறிப்பைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதை நிதானமாகப் படிக்க வேண்டும். காவலில் இருக்கும் ரோட்ரிகஸிடம் ஏன் மறுபடியும் மறுப்புக் கடிதம் எழுதி வாங்குகிறார்கள், காட்டிக்கொடுத்த கிச்சிஜிரோவின் தாயத்துப் பையில் என்ன அகப்பட்டது என்பதெல்லாம் அந்த அலுவலகக் குறிப்புகளுக்குள்தான் ஒளிந்திருக்கிறது.