யார் தேடுவார்கள்?

பிறக்கும் ஊரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அந்தப் பொறுப்பைப் பெற்றவர்களும் விதியுமாகச் சேர்ந்து நமக்காக முடித்துவிடுகிறார்கள். குடியேறும் ஊர் அப்படியல்ல. அதை நாமேதான் பொறுக்கி எடுக்க வேண்டும். எடுத்த பிறகு தலையெழுத்தின் மேல் பழி போட்டுத் தப்பித்துக் கொள்ளவும் முடியாது. அதனால்தான் தேசம் விட்டுத் தேசம் போகிறவனுக்குப் பிரயாணத்தைக் காட்டிலும், எங்கே போய் இறங்குவது என்ற யோசனை பெரிய பாரமாக இருக்கிறது. போகிற இடம் குளிர் தேசம் என்றால் கேட்கவே வேண்டாம்.

காரைக்கால் பக்கத்து ஜனங்களுக்கு இந்த யோசனை புதிதல்ல. 1739-இல் பிரஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர் அது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதி அமுலுக்கு வந்தது. பிரஞ்சுக் குடிகளாகவே இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாதத் தவணை. புதுச்சேரி, காரைக்கால் முதலிய பகுதிகள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 5,000 பேர் எழுதிக் கொடுத்தார்கள். பிரஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை அந்தப் பக்கத்தில் 'சொல்தா' என்பார்கள். சொல்தா குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாரிஸைச் சுற்றியுள்ள ஊர்களில் இருக்கிறார்கள். பாட்டன் போட்ட ஒரு கையெழுத்து, பேத்தி எந்தக் கடலைப் பார்த்து வளர வேண்டும் என்பதைத் தீர்மானித்துவிட்டது.

காரைக்கால் கடற்கரையில் கருக்களாச்சேரி என்று ஒரு மீனவக் கிராமம். அங்கே எனக்குப் பழக்கமான குடும்பத்துப் பையன் ஒருவன், வெல்டிங் வேலை கற்றவன், அப்படிப்பட்ட ஒரு பேத்தியைக் கல்யாணம் செய்துகொண்டான். பெண் பாரிஸுக்கு வடக்கே உள்ள சார்செல் என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவள். அவனுக்குப் பயணப் பத்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் போய் இறங்க இரண்டு இடங்கள் இருந்தன. எது என்பதில் வீட்டில் ஒருவருக்கும் ஒத்துப் போகவில்லை.

ஒன்று, மாமனார் இருக்கும் சார்செல். அங்கிருந்து ரயில் ஏறினால் சீக்கிரமே பாரிஸின் வடக்கு ஸ்டேஷன். இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் லாச்சப்பல். ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் அந்தத் தெருக்களில் கடை வைத்திருக்கிறார்கள். முருங்கைக்காயும் கருவேப்பிலையும் கிடைக்கும். 1985-இல் ஏற்பட்ட மாணிக்க விநாயகர் கோயில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தரம் பாரிஸ் வீதியில் தேர் ஓடித் தேங்காய் உடைபடுகிறது.

மற்றொன்று, மேற்கே பிரித்தானிக் கரையில் உள்ள லோரியான். 'கீழ்த்திசை' என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். 1666-இல் பிரஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கப்பல் கட்டுவதற்காக உண்டான ஊர். நம் கரைக்கு வந்த கம்பெனிக் கப்பல்கள் பல அங்கிருந்துதான் புறப்பட்டன. இன்று அது பெரிய மீன்பிடித் துறைமுகம். மனைவியின் சிநேகிதி ஒருத்தி மூலமாக அங்கே படகு பழுது பார்க்கும் பட்டறையில் வேலைக்கு வழி இருந்தது. ஆனால் மாமனார் போனில் சொன்னாராம்: "அங்கே தமிழ் முகத்தைப் பார்க்கவே முடியாது. மழை வேறு விடாது. உனக்கு என்ன தலைவிதி?"

பையன் கெட்டிக்காரன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு இரண்டு ஊர்களையும் எடை போட்டிருந்தான். பாரிஸ் பக்கம் ஜனவரியில் சராசரி 5 டிகிரி. லோரியானில் கடல் காற்றால் குளிர் சற்றுக் குறைவு, ஆனால் ஈரம் அதிகம். டிசம்பரில் எங்கே போனாலும் காலை எட்டரை மணிக்கு மேல்தான் சூரியன். மாலையில் சீக்கிரமே இருட்டிவிடும். வாடகை, சம்பளம், ரயில் சீட்டு எல்லாம் அதில் இருந்தது. அதை என்னிடம் காட்டி, "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றான்.

நான் வாயைத் திறக்குமுன் அவன் தாயார் பேசினாள். அவள் அந்த நோட்டுப் புத்தகத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. ஒரு நாள் நீ வீட்டுக்கு வராமப் போனா, அங்கே உன்னை யாரு தேடுவா?"

இந்தக் கேள்வி நோட்டுப் புத்தகத்தில் இல்லை. கடலோரத்தில் பிறந்தவளுக்குத்தான் அது தோன்றும். அங்கே படகு திரும்பத் தாமதமானால், பெண்டாட்டிக்குத் தெரிவதற்கு முன்பே கரையில் நிற்கிற எவனோ ஒருவன் கண்டுகொள்வான். அவன் உறவாக இருக்க வேண்டும் என்பதில்லை. முதல் நாள் சண்டை போட்டவனாகக்கூட இருக்கலாம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் பொங்கிக் காரைக்கால் கரையில் நூற்றுக்கணக்கானோரை வாரிக் கொண்டு போனபோது, எந்த வீட்டில் யார் இல்லை என்று அறிய ஜனங்கள் பதிவேட்டைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பதினாறு மாதம் முன்னால், 2003 ஆகஸ்டில், பிரான்சில் வேறொன்று நடந்தது. குளிருக்கு அஞ்சி வீடு கட்டிய அந்த தேசத்தைக் கடும் வெயில் தாக்கியது. சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வயதானவர்கள், அவர்களில் எத்தனையோ பேர் தனியாக வசித்தவர்கள். பாரிஸில் உரிமை கொண்டாட ஆளில்லாத 57 உடல்கள் செப்டம்பர் 3-ஆம் தேதி தியே இடுகாட்டில் அடக்கமாயின. ஜனாதிபதி ழாக் சிராக் நேரில் வந்து நின்றார். ஒரு தேசத்தின் தலைவரே வந்து நின்றார், சரி. ஆனால் அதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டியிருக்கக் கூடாதா?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்படி மடிந்தவர்களில் பெரும்பாலோர் அந்நிய பாஷைக்கு நடுவில் அகப்பட்டுக் கொண்டவர்கள் அல்ல. சொந்த தேசத்தில், சொந்த பாஷை பேசுகிறவர்களுக்கு மத்தியில் இருந்தவர்கள்தாம். ஆகவே, 'நம்ம ஜனங்கள் நடுவே இரு, போதும்' என்ற மாமனாரின் யோசனை தாயாரின் கேள்விக்கு முழுப் பதில் ஆகாது. ஒரே பாஷை பேசுகிறவர்கள் ஒருவரையொருவர் தேடியே தீருவார்கள் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

இதற்குள் அந்தப் பெண் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். அவள் பேசிய தமிழ் கருக்களாச்சேரித் தமிழேதான். பெற்றோர் மூட்டையில் கட்டிக்கொண்டு போனது போலும். "தேடுவாங்க அத்தை, நல்லாத் தேடுவாங்க. நான் ஸ்டேஷன்ல யாரோட பேசினேன்னு, நான் வீடு வந்து சேர்றதுக்கு முன்னாடி அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும். தேடுறதும் அந்தக் கண்ணுதான், வேவு பார்க்கிறதும் அந்தக் கண்ணுதான்" என்றாள்.

மாமியார் பதில் சொல்லவில்லை. அவளும் ஒரு கிராமத்தில் பெண்ணாக இருந்தவள்தானே?

எனக்குக் காரைக்கால் அம்மையாரின் நினைவு வந்தது. அந்த ஊரிலிருந்து வடக்கே குளிர்மலைக்குப் போன முதல் பிரயாணி அவள்தான் என்று சொல்லலாம். பெரிய புராணம் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும். மாங்கனி அற்புதத்தைக் கண்டு மிரண்ட கணவன் பரமதத்தன், வியாபாரத்துக்கென்று கப்பலேறி, ஒருவரிடமும் சொல்லாமல் பாண்டி நாட்டுத் துறைமுகம் ஒன்றில் குடியேறிவிடுகிறான். தன்னை யாரும் தேடாத ஊர் எது என்று பார்த்துத்தான் அவன் இடம் பிடித்தான். அப்படியும் சுற்றத்தார் தேடிக் கண்டுபிடித்து, புனிதவதியைப் பல்லக்கில் ஏற்றி அவனிடம் கொண்டு போய் விடுகிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. தங்களுக்குத் தெரிந்த நியாயத்தைச் செய்தார்கள். ஆனால், 'உனக்கு அங்கே போகச் சம்மதமா?' என்று அந்தப் பெண்ணை ஒருவராவது கேட்டதாகக் கதையில் வரவில்லை. கணவன் காலில் விழுந்து ஒதுங்கிக் கொண்ட பிறகு அவள் முதலில் கேட்ட வரம், யாரும் ஏறிட்டுப் பார்க்க விரும்பாத பேயுருவம். அதன் பிறகுதான் தலையால் நடந்து கயிலைக்குப் போகிறாள். அங்கே அவள் கேட்டவற்றில் ஒன்று, இறைவன் ஆடும்போது அவன் அடியின்கீழ் இருக்க வேண்டும் என்பது. இறைவன் காட்டிய இடமோ கயிலை அல்ல, நம் பக்கத்துத் திருவாலங்காடு.

ஆகவே, தேடுவார் இல்லாத ஊர் பயங்கரமானது. தேடுவார் மட்டுமே உள்ள ஊரும் பயங்கரமானதுதான். முதல் பயங்கரம் தாயாருக்குத் தெரிகிறது. இரண்டாவது மருமகளுக்குத் தெரிகிறது. இருவர் சொல்வதும் மெய். இதில் யாரைப் பொய்யாக்கி முடிவெடுப்பது?

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் லோரியான் பக்கம்தான். ஊரின் கண்கள் ஆணைவிடப் பெண்ணின் மேல்தான் அதிகமாகப் படுகின்றன. ஆகவே, அந்தக் கண்களை அனுபவித்தவள் வாக்குக்குச் சற்று மதிப்புக் கூடுதலாகத் தர வேண்டும். பையனுக்கும் துறைமுகமும் படகும் தெரிந்த உலகம். பாஷையைக் கற்றே தீர வேண்டிய ஊரில் மனுஷன் சீக்கிரம் கற்றுக்கொள்கிறான்.

ஆனால் இதைச் சொல்லும்போதே ஒரு நிபந்தனையையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தாயாருக்குத் துரோகம் செய்தவனாவேன். சார்செலில் நம்மைத் தேடுவதற்கு ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். அது மாமனாரின் முப்பது வருஷச் சம்பாத்தியம். லோரியானில் அதை ஆரம்பத்திலிருந்து சம்பாதிக்க வேண்டும். அதற்கு ஒரே வழிதான் எனக்குத் தெரிகிறது. தேடப்பட வேண்டும் என்று காத்திராமல், முதலில் யாரையாவது தேடத் தொடங்க வேண்டும். மாடியில் ஒரு கிழவி இருப்பாள். பட்டறையில் யாரோடும் சேராத ஒருவன் இருப்பான். இரண்டு நாளாக அந்தக் கிழவி படி இறங்கவில்லையே என்று இவனுக்கு உறைக்க வேண்டும். உறைத்தால் போதாது; போய்த் தட்டவும் வேண்டும். திறக்கிறவள் சிடுசிடுக்கலாம். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நன்றாக இருக்கிறாளா என்று கேட்டுவிட்டு, அவள் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று கேட்காமல் திரும்பிவிட வேண்டும். மருமகள் வேண்டியது இவ்வளவுதான்.

இடம் பெயர்கிறவர்கள் வாடகையையும் குளிரையும் விசாரிப்பது நியாயமே. அந்த நோட்டுப் புத்தகத்தில் எந்தக் கணக்கும் தப்பில்லை. ஆனால் அதில் இருந்ததெல்லாம் ஊர் எனக்கு என்ன தரும் என்ற கேள்விகள். 'யார் என்னைத் தேடுவார்கள்?' என்பதும்கூட அந்த ஜாதிக் கேள்விதான். 'அங்கே நான் யாரைத் தேடப் போகிறேன்?' என்று கேட்டுக்கொண்டு போகிறவனுக்கு எந்த ஊரும் ஒரு நாள் சொந்த ஊராகலாம். அப்படிக் கேட்காதவன், தேரும் தேங்காயும் உள்ள தெருவிலே இருந்தாலும், கடைசி வரையில் வாடகைக்குத் தங்கியிருப்பவன்தான்.