பூகம்ப வைராக்கியம்

வைராக்கியத்தில் நிலையாதவை என்று நம் பெரியோர் மூன்றைச் சொல்லிவைத்திருக்கிறார்கள். பௌராணிகர் கதையை முடித்துப் புஸ்தகத்தைக் கட்டும்வரை இருப்பது புராண வைராக்கியம்; வேதனையோடு தோன்றிக் குழந்தையின் முகம் பார்த்ததும் மறைவது பிரசவ வைராக்கியம்; சிதை எரியும்போது உதித்து, வீடு திரும்பி ஸ்நானம் செய்த ஜலத்தோடு போய்விடுவது மயான வைராக்கியம். இந்த வரிசையில் நான்காவதாகப் பூகம்ப வைராக்கியம் என்று ஒன்றைச் சேர்க்கலாமா, சேர்ப்பதானால் அதையும் இவற்றோடு தள்ளிவிடுவதா, அல்லது மெய்த்துறவின் பக்கத்தில் அதற்கு ஆசனம் போடுவதா என்னும் கேள்வி, ஸான் பிரான்சிஸ்கோ நகரின் விரிகுடாக் கரைச் சாலையாகிய எம்பார்கடெரோவின் சரித்திரத்தைப் படிப்பவருக்கு எழாமல் இராது.

அந்தச் சாலை கிடக்கும் இடமே ஒரு காலத்தில் தண்ணீர். 1849-இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறதென்ற செய்தி பரவி, யெர்பா புவெனா என்ற சிறு குடாவுக்குள் கப்பல் மேல் கப்பலாக வந்து நங்கூரம் பாய்ச்சியபோது, பிரயாணிகளோடு மாலுமிகளும் சுரங்கங்களை நோக்கி ஓடிவிட்டபடியால், திருப்பி ஓட்டிச்செல்ல ஆளில்லாத கப்பல்கள் கிடங்குகளாகவும் சத்திரங்களாகவும் மாறின. ‘யூபீமியா’ என்ற கப்பல் சிறைச்சாலையாகவே ஆயிற்று. ஊர்ச் சபையாரோ அலையடிக்கும் நீர்ப்பரப்பையே மனைமனையாகப் பிரித்து விற்றார்கள். வாங்கியவர்கள் மணற்குன்றுகளை வெட்டிக் கொட்டி நீரைத் தூர்க்க, கப்பல்கள் நின்ற இடத்திலேயே புதைந்தன. 1978-இல் ஒரு கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது ‘நயாண்டிக்’ என்ற கப்பலின் அடிப்பாகம் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. அவ்விடத்திலிருந்து இன்றைய கரையைக் காண ஐந்தாறு தெருக்களைக் கடந்து நடக்க வேண்டும். தண்ணீருக்குப் பட்டா எழுதிக்கொடுத்த ஊரிடம் பற்றின்மையை யார்தான் எதிர்பார்ப்பார்கள்!

தூர்த்த நிலம் சரியாமல் இருக்க 1878-இல் தொடங்கிய கரைச்சுவர், கட்டி முடிய நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஸெவில் நகரத்து மாதாகோயில் கோபுரத்தின் சாயலில் மணிக்கூண்டு அமைந்த படகுத்துறை மாளிகை 1898-இல் எழுந்து, 1906-இன் பூகம்பத்துக்கும் அக்கினிக்கும் தப்பி நின்றது. 1934 ஜூலை 5-இல் இக்கரையில்தான், துறைமுகத் தொழிலாளர் போராட்டத்தின்போது இருவர் போலீஸாரின் குண்டுக்கு இரையாகி, அதையொட்டி நகரமே வேலைநிறுத்தம் செய்தது. பின்பு 1936-இலும் 1937-இலும் இரண்டு பெரும் பாலங்கள் திறக்கப்பட்டதும் படகுகளுக்கு வேலை குறைந்தது.

மோட்டார் வண்டியே தெய்வமான காலம் அடுத்து வந்தது. படகுத்துறை மாளிகையின் முகத்துக்கு நேரே, இரண்டு அடுக்காகக் கான்கிரீட்டில் எழுப்பப்பட்ட உயர்சாலை 1959-இல் திறக்கப்பட்டது. நகரத்துக்கும் நீருக்கும் நடுவே நின்ற அந்தச் சுவரைக் கண்டு ஜனங்கள் கொதித்தெழுந்ததால், நகரசபை அதே ஆண்டில் இத்தகைய பெருஞ்சாலைத் திட்டங்களில் பெரும்பாலானவற்றைக் கைவிட்டது. கோல்டன் கேட் பாலம்வரை போகவேண்டிய சாலையும் பிராட்வே வீதியருகே பாதியில் முடிந்துபோயிற்று. ஆனால் வெறுத்த பொருளோடும் வாழ்ந்து பழகினால் அது பற்றாகிவிடுகிறது. அவ்வளவு வெறுப்புக்கு ஆளான அந்தச் சாலையை இடித்துவிடலாமா என்று 1986-இல் வாக்கெடுப்பு நடந்தபோது, வேண்டாம் என்றே நகரம் விடை சொல்லிற்று. நாள்தோறும் சுமார் 60,000 வண்டிகள் அதில் போய்வந்துகொண்டிருந்தன. அது இல்லாத வாழ்க்கையை நினைத்துப் பார்க்கவும் மனம் வரவில்லை.

1989 அக்டோபர் 17-ஆம் தேதி மாலை 5 மணி 4 நிமிஷத்துக்குப் பூமி சுமார் பதினைந்து விநாடி அசைந்தது. விரிகுடாவுக்கு எதிர்க்கரையில் ஓக்லண்டில் இதே மாதிரி கட்டப்பட்டிருந்த ஸைப்ரஸ் இரட்டையடுக்குச் சாலை இடிந்து விழுந்து 42 பேர் மாண்டார்கள். எம்பார்கடெரோ உயர்சாலை விழவில்லை. விரிசல் கண்டு மூடப்பட்டது. பிறகு மேயர் ஆர்ட் ஆக்னோஸின் பிடிவாதத்தாலும் நகரசபையின் மயிரிழைப் பெரும்பான்மையாலும் இடிப்பதென்று முடிவாகி, 1991-இல் இடிக்கவும் தொடங்கினார்கள்.

இது துறவுதானா? கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் தியாகத்தை மூன்றாகப் பிரித்து, சரீர கிலேசத்துக்கு அஞ்சிக் கருமத்தை விடுவது ராஜஸ தியாகம் என்றும், அப்படி விட்டவன் தியாகத்தின் பலனை அடைவதில்லை என்றும் கூறுகிறது. அங்கே பேச்சு கருமத்தைப் பற்றியதே அன்றி உடைமையைப் பற்றியதன்று என்றாலும், அளவுகோல் இங்கும் பொருந்தும். பயந்து விட்டதென்றால் நகரத்துக்குப் புண்ணியம் இல்லை. ஆனால் வெறும் பயமே காரணமாக இருந்திருந்தால், தூண்களை வலுப்படுத்திப் பழையபடி திறந்திருக்கலாம்; அதற்கு வழியும் இருந்தது, அதை வேண்டியவர்களும் இருந்தார்கள். பூகம்பம் அந்த நகரத்துக்கு அளித்தது பயத்தைவிட மேலானதொன்று என்றே நான் கருதுகிறேன். சாலை மூடிக்கிடந்த ஓராண்டுக்கு மேலான காலத்தில், அது இல்லாமலும் பொழுது விடிகிறது, காரியங்கள் நடக்கின்றன என்பது ஜனங்களுக்குப் பிரத்தியட்சமாயிற்று. பழக்கத்தின் கட்டு அறுந்த அந்த இடைவெளியில்தான் விவேகத்துக்கு இடம் கிடைத்தது. பட்டினத்தடிகளின் கதையிலும், மகன் விட்டுச்சென்ற பெட்டியைத் திறந்த கணத்தில் செல்வத்தின் பிடி தளர்ந்ததே தவிர, அதன்பின் நெடுங்காலம் துறவியாய் நடந்தது அவருடைய சொந்த சங்கற்பந்தான். அதிர்ச்சியில் தொடங்கிய துறவு என்று அவரை நாம் குறைத்துப் பேசுவதில்லை.

அந்த அளவில் இந்த நகரமும் தேறுகிறது. கான்கிரீட் போன இடத்தில் பேரீச்சை இனத்து மரங்கள் வரிசையாக நின்று, அவற்றின் நடுவே மிலான் நகரத்திலிருந்து வந்த பழைய டிராம் வண்டிகள் 2000-ஆம் ஆண்டு முதல் மீனவர் துறைவரை ஓடுகின்றன. 2003-இல் புதுப்பித்துத் திறந்த படகுத்துறை மாளிகையில் இப்போது ரொட்டியும் பாலாடைக்கட்டியும் விற்கும் கடைகள். வெளியே விவசாயிகளின் சந்தை. இடித்ததை மறுபடி கட்டவேண்டும் என்ற குரல் முப்பது ஆண்டுகளாக எழவில்லை. ஸ்நானத்தோடு போகும் வைராக்கியமாக இருந்தால் இவ்வளவு நாள் தாங்காது.

எனினும் என் மனம் முழுத் திருப்தி அடையவில்லை. துறந்தது நகரம், இழந்தது அதன் சீனர் பேட்டையாகிய சைனா டவுன். அந்த உயர்சாலையின் இறக்கம் பிராட்வேயில் அந்தப் பேட்டை வியாபாரிகளின் வாசலருகே வாடிக்கைக்காரர்களைக் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்தது. அது மூடப்பட்டதும் வியாபாரம் படுத்துவிட, இடிக்கக் கூடாதென்று ரோஸ் பாக் என்னும் பெண்மணியின் தலைமையில் வியாபாரிகள் மன்றாடினார்கள். அவர்கள் பக்கம் தீர்ப்பாகவில்லை. 1991 தேர்தலில் மேயர் ஆக்னோஸ் தோற்றதற்கு அவர்களுடைய மனஸ்தாபமும் ஒரு காரணம். ஈடாக ஒரு சுரங்க ரயில் வேண்டுமென்று அந்த அம்மாள் விடாது போராடினார். அது 2023-இல் முழு அளவில் ஓடத் தொடங்கி, சைனா டவுன் நிலையம் அவர் பெயரைத் தாங்கி நின்றபோது, அவர் இறந்து ஆறு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. தன் கையிலுள்ளதை விடுவது தியாகம். அடுத்தவன் பிழைப்பையும் சேர்த்து விடுவதற்கு அந்தப் பெயர் முழுதும் பொருந்தாது. முப்பத்திரண்டு ஆண்டு தாமதமாகத் தீர்த்த கடனுக்கு வட்டியை யார் கட்டினார்கள்?

இப்போது அதே கரைச்சுவர் பழுதாகி, கடல்மட்டம் உயர்ந்துவருகிறது; பெரும் ஓதங்களின்போது நீர் சாலைக்கே ஏறி வந்து எட்டிப்பார்க்கிறது. 2018-இல் சுவரைப் பலப்படுத்த 42.5 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு மக்கள் வாக்களித்தார்கள். 2024 ஜனவரியில் ராணுவப் பொறியியல் துறையும் நகரமும் சேர்ந்து 1,350 கோடி டாலர் மதிப்பில் ஒரு நகல் திட்டத்தை வெளியிட்டன. கரையை உயர்த்தி நீரைத் தடுத்து நிறுத்துவதே அதன் மையக் கருத்து. ஆண்டுக்கு ஒரு நெல்லளவும் உயராத நீர் ஒருநாள் மாலையில் யாரையும் உலுக்கி எழுப்பாது. பதினைந்து விநாடியில் கிடைத்த உபதேசத்தை இம்முறை எதிர்பார்ப்பதற்கில்லை. எதைக் காப்பது, எதை நீருக்குத் திருப்பிக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் சபையார், யாருடைய கடையும் யாருடைய வழியும் அதனால் போகுமோ அவர்களை முதலில் கூப்பிட்டுக் கேட்கட்டும்.