நடைப்பிணம் யார்?

"சுடு! தயங்காதே! அவன் இப்போது உன் அண்ணன் அல்லன்!"

நடைப்பிணக் கதை எதுவாயினும், திரையிலே ஆகட்டும், கணினி விளையாட்டிலே ஆகட்டும், இப்படி ஒரு கட்டளை எங்கேனும் ஒலித்தே தீரும். ஜாம்பி என்று மேலை நாட்டார் அழைக்கும் உருவத்துக்கு நடைப்பிணம் என்ற சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது. நேற்றுவரை ஒரே கூரையின்கீழ் உறங்கியவன், ஒரே கலத்திலே உண்டவன். ஒரு கடி! ஒரு துளி இரத்தம்! கண் வெளுக்கிறது, கால் தள்ளாடுகிறது, பெயர் போகிறது, உறவு போகிறது. மிஞ்சுவது துப்பாக்கிக்கு ஓர் இலக்கு. சுட்டவன்மீது வழக்கில்லை, அவன் நெஞ்சிலே வருத்தமில்லை. பார்ப்போர் கைதட்டுகின்றனர்.

"பொழுதுபோக்குத்தானே, இதிலே அற ஆராய்ச்சி எதற்கு?" என்று கேட்பீர்கள். நானும் அத்தகைய படங்களை விழித்திருந்து பார்த்ததுண்டு. என் வகுப்புப் பிள்ளைகள் இடைவேளையில் ஒருவரையொருவர் தொட்டு 'ஜாம்பி' ஆக்கி ஓடுவதைத் தடுத்ததில்லை. தொடப்பட்ட பிள்ளைதான் அங்கே எல்லோரையும்விட உரக்கச் சிரிக்கிறது! ஆனால் அக்கதைகள் ஒரு கணக்கைச் சொல்லித் தருகின்றன. நோய் தொட்டவன் மனிதன் அல்லன். ஆகவே அவனுக்கு நாம் கடன்பட்டவர் அல்லோம். அந்தக் கணக்கு திரையோடு நின்றுவிடுகிறதா என்பதே என் கேள்வி.

முதலில், இந்த நடைப்பிணம் பிறந்த மண்ணைக் காண்போம். கரிபியன் கடலிலே எயிட்டி என்றொரு நாடு. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் அதன் பெயர் செயின்ட் டொமிங்கு. அங்கே கரும்புத் தோட்டங்களில் ஏறத்தாழ 5 இலட்சம் ஆப்பிரிக்க அடிமைகள் வாட்டி வதைக்கப்பட்டனர். இறந்தால் தாயகம் திரும்புவோம் என்பது அவர்களுடைய ஒரே ஆறுதல். அந்த ஆறுதலையும் அரித்த அச்சம் ஒன்று இருந்தது. இறந்த பின்னரும் மந்திரவாதி ஒருவன் எழுப்பி, உணர்வற்ற உடலாக்கி, மீண்டும் அடிமை வேலைக்கே விரட்டிவிட்டால்? அந்த அச்சத்தின் பெயர்தான் ஜாம்பி. அது யாரையும் கடிக்கவில்லை, நோயையும் பரப்பவில்லை. வேலை செய்தது, ஓயாமல் வேலை செய்தது!

1791-இல் அவ்வடிமைகள் எழுந்தனர்; 1804 சனவரி முதல் நாளன்று விடுதலை பெற்ற நாடாயினர். பின்னர் 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை அந்நாட்டைப் பிடித்து வைத்திருந்தது. அந்த ஆண்டுகளில்தான் ஜாம்பி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது: 1929-இல் வில்லியம் சீப்ருக்கின் பயண நூல், 1932-இல் 'ஒயிட் ஜாம்பி' என்ற படம். அடிமையின் துயரம் ஆண்டையின் கேளிக்கையாயிற்று! எயிட்டியின் ஏழை, தான் நடைப்பிணம் ஆகிவிடுவோமோ என்று அஞ்சினான். பிற்காலத்துத் திரைப்படம் பார்ப்பவனோ, நடைப்பிணம் தன்னைத் தொட்டுவிடுமோ என்று அஞ்சுகிறான். முன்னதில் இரக்கம் இருந்தது. பின்னதில் இருப்பது தீண்டாமை.

1968-இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த 'நைட் ஆப் தி லிவிங் டெட்' படத்தில்தான் பிணம் மனிதரைத் தின்னத் தொடங்கியது. அப்படத்தைப் பழிப்போர் அதன் முடிவை எண்ணிப் பார்க்க வேண்டும். கறுப்பின இளைஞன் ஒருவன் இரவெல்லாம் போராடி உயிர் தப்புகிறான். பொழுது விடிகிறது. நடைப்பிண வேட்டைக்கு வந்த காவலர் கூட்டம், சாளரத்தில் தெரிந்த அவனையும் பிணமென்றே எண்ணிச் சுட்டு, கொக்கியால் குத்தி இழுத்து, எரியிலே போடுகிறது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட அதே ஆண்டில் திரைக்கு வந்த காட்சி அது! நிறத்துக்காக அந்த நடிகரைத் தேர்ந்தெடுக்கவில்லை, நன்றாக நடித்தார் என்பதால் எடுத்தேன் என்றார் இயக்குநர். இருக்கட்டும். வேட்டைக்குப் புறப்பட்ட கூட்டம் முகம் பார்க்காது என்பதை அப்படம் காட்டிவிட்டது.

அதன்பின் வந்தோர் பலர் அந்த முடிவை மறந்தனர். கடியை மட்டும் எடுத்துக்கொண்டனர். கடிக்குக் காரணம் வேண்டுமே! 1996-இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில்' விளையாட்டும், 2002-இல் வந்த '28 டேஸ் லேட்டர்' படமும் வைரசைக் காரணமாக்கின. 2016-இல் தமிழுக்கும் 'மிருதன்' வந்தது. மிருகத்தையும் மனிதனையும் ஒட்டிப் பிறந்த பெயர். இப்படி மந்திரவாதி போய் நச்சுயிரி வந்தது. அறிவியல் உடை அணிந்ததால் கதைக்கு ஒரு நம்பகமும் வந்துவிட்டது.

ஆனால் அறிவியல் கூறுவது என்ன? கடியால் பரவி, மூளையைத் தாக்கி, வெறியூட்டும் நோய் உண்மையிலேயே உண்டு: வெறிநாய்க்கடி நோய். நடைப்பிணத்துக்கு இதனினும் நெருங்கிய உறவினன் இயற்கையில் இல்லை. அந்த நோயாளி எப்படி இருக்கிறான்? வெறி அடங்கும் இடைவேளைகளில் அவனுக்குத் தெளிவு பிறக்கிறது. உற்றாரை அடையாளம் காண்கிறான். தண்ணீர் கேட்கிறான், தண்ணீரைக் கண்டு நடுங்குகிறான். பெயர் போகவில்லை ஐயா, உறவும் போகவில்லை! உள்ளே ஒருவன் இறுதிவரை இருக்கிறான்.

எபோலாவையும் எடுத்துக்கொள்வோம். 1976-இல் காங்கோவின் ஆறு ஒன்றின் பெயரால் அறியப்பட்ட இந்நோய், 2014 முதல் 2016 வரை கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் 11,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. நோயாளியின் இரத்தமும், வாந்தியும், வியர்வையும், ஏன், இறந்தவரின் உடலுங்கூட நோயைப் பரப்பும். எனவே விலகியிருப்பது குற்றமன்று; கையுறை அணிவது கொடுமையன்று. பாசத்தால் பிணத்தைக் குளிப்பாட்டிய குடும்பங்கள் அந்தப் பாசத்தாலேயே அழிந்தன. விலக்கி வைக்கவே வேண்டும். ஆயினும், நோயை விலக்குவதும் ஆளை அழித்துக் கணக்கெழுதுவதும் ஒன்றா?

2014 ஆகஸ்டில் லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் வெஸ்ட் பாயின்ட் என்ற சேரியைப் படையினர் வளைத்து அடைத்தனர். உள்ளே பல்லாயிரம் ஏழைகள். கொதித்தெழுந்த கூட்டத்தின்மீது குண்டு பாய்ந்தது. பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் மாண்டான், எபோலாவால் அல்ல! பத்தே நாளில் முற்றுகை கைவிடப்பட்டது.

அதே மாதம் மற்றோர் ஆணை: தலைநகர்ப் பகுதியில் இறப்போர் அனைவரையும் எரித்துவிட வேண்டும். எரிப்பது அவர்கள் வழக்கமன்று. அங்கே வாழும் இந்தியர்கள் தங்களுக்கென வைத்திருந்த சுடுகாட்டிலே லைபீரியரின் உடல்கள் எரிந்தன. நமக்கு இயல்பான நெருப்பு அவர்களுக்கு இடி. ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்து இரண்டாம் புதன்கிழமை, உற்றாரின் கல்லறைகளைத் துலக்கி வண்ணம் தீட்டுவது அந்நாட்டு மக்களின் விழா. சாம்பலுக்கு எங்கே வண்ணம் தீட்டுவது? விளைவு? மக்கள் நோயாளிகளை மறைத்தனர். பிணங்களை இரவோடிரவாகப் புதைத்தனர். நோய் பரவிற்று. அந்த ஆண்டு இறுதியில் டிஸ்கோ ஹில் என்ற இடத்தில் இடுகாடு திறந்தனர். முழுக் கவச உடை அணிந்தவர்கள் உடலைச் சுமந்தனர். குடும்பத்தார் எட்ட நின்று வழிபட்டனர். ஒவ்வொரு குழிக்கும் அடையாளம் இருந்தது. மானமும் மருத்துவமும் பகையல்ல என்பது அங்கே மண்வெட்டியால் நிறுவப்பட்டது.

ஆப்பிரிக்காவைப் பார்த்து அனுதாபப்பட நமக்குத் தகுதி உண்டா? 2020 ஏப்ரலில், நம் சென்னையில், கொரோனாவுக்குப் பலியான ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் ஒரு கூட்டம் கல்லும் கட்டையுமாகத் தாக்கியதே! முறைப்படி புதைத்த உடலிலிருந்து கொரோனா பரவாது என்று அரசும் அறிஞரும் கூறியும் பயனில்லை. உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் நள்ளிரவிலே தம் கையாலேயே குழியை மூடினார். அந்தக் கூட்டத்தார் கொடியவர்களா? நம் தெருவில் காய்கறி வாங்குவோர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவோர்தாம். இறந்தவர் எழுந்து வந்து தங்களைத் தொடுவார் என்றே நடந்துகொண்டனர்.

இனி ஒரு பெயரைச் சொல்கிறேன். சலோமி கார்வா. மன்ரோவியாவைச் சேர்ந்தவர். 2014-இல் எபோலா அவருடைய தாயையும் தந்தையையும் கொண்டுபோயிற்று. அவருக்கும் நோய் வந்தது, பிழைத்தார். பிழைத்தவரை அந்நோய் மீண்டும் எளிதில் பற்றாது. அதை அறிந்த அவர், தாம் படுத்துக் கிடந்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் கூடாரத்துக்கே திரும்பினார், இம்முறை பணிபுரிய! பிறர் தொட அஞ்சியவரைத் தொட்டுத் தூக்கினார், துடைத்தார், ஊட்டினார். அவ்வாண்டின் சிறந்த மனிதர்களாக எபோலாவை எதிர்த்தோரை அமெரிக்காவின் 'டைம்' இதழ் தேர்ந்தபோது, ஓர் அட்டையில் அவர் முகம் இருந்தது. மூன்றாண்டு கழியுமுன், 2017 பிப்ரவரியில், அறுவை முறையில் குழந்தை பெற்று வீடு திரும்பிய அவருக்கு வலிப்புக் கண்டது. மருத்துவமனைக்கு விரைந்தனர். எபோலாவில் பிழைத்தவர் என்பதால் ஊழியர்கள் அவரைத் தொடத் தயங்கினர் என்று அவருடைய சகோதரி பின்னர் கூறினார். மறுநாள் அவர் இறந்தபோது குழந்தை பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது.