கல்லாவை விட்டு எழுவது எப்போது?

ஓய்வு என்னும் சொல் வணிகர்களாகிய நமக்கு இனிக்கும் சொல்லன்று. சம்பளத்துக்கு உழைப்பவருக்குச் சட்டமே ஒரு வயதைக் குறித்திருக்கிறது. மலேசியாவில் குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 ஜூலை முதல் 60. சிங்கப்பூரில் அது 2022 ஜூலையில் 63 ஆயிற்று. 2026 ஜூலைக்கு 64 என விதிக்கப்பட்டது. கடை முதலாளிக்கோ அப்படி ஒரு வயது இல்லை. "போதும், எழுந்திருங்கள்" என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. ஆகவே அவர் எழுவதுமில்லை.

நம் முன்னோருக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு இருந்ததில்லை. அவர்களில் பலருக்குக் கடை இங்கே, குடும்பம் ஊரிலே. உடல் தளர்ந்ததும் கடையை மகனிடமோ மருமகனிடமோ ஒப்படைத்துவிட்டு, ரஜூலா கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கினார்கள். கப்பல் புறப்பட்ட நாளே ஓய்வு நாள். ரஜூலா 1970களில் நின்றது. பின்னர் வந்த எம்.வி. சிதம்பரம் 1985இல் தீ விபத்துக்குள்ளானதோடு அந்தக் கப்பல் பயணமும் முடிந்தது. இன்று மனைவி மக்களும் பேரப்பிள்ளைகளும் இங்கேயே இருக்கிறார்கள். நம்மை எழுப்பி அழைத்துச் செல்லக் கப்பல் இல்லை.

எழுபது வயது முதலாளி கல்லாவில் அமர்ந்திருக்கிறார். நாற்பத்தைந்து வயது மகன் ஒரு பெட்டிச் சரக்கு எடுப்பதற்கும், "அத்தா, வாங்கலாமா?" என்று கேட்டு நிற்கிறான். இக்காட்சியை நம் கடைத்தெருக்களில் காணாதவர் யார்? கேட்டால், "நான் இல்லாவிட்டால் கடை நடக்காது" என்பார் முதலாளி.

இதைச் சற்று ஆராய்வோம். உண்மையிலேயே நடக்காதென்றால், இருபது ஆண்டுகள் மகனை அருகில் வைத்திருந்தும் தொழிலைக் கற்றுக் கொடுக்கவில்லை என்று பொருள். நடக்குமென்றால், அவர் அங்கே அமர்ந்திருப்பது கடைக்காக அன்று, தமக்காகவே.

மூத்தவர்களைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களுடைய அச்சம் நமக்கு விளங்குகிறது. ஐம்பது ஆண்டுகள் "முதலாளி" என்றே அழைக்கப்பட்டவர், கல்லாவை விட்டு எழுந்த மறுநாள் யார்? சுபுஹுத் தொழுகை முடிந்தபின் எங்கே போவார்? ஹஜ்ஜுக்குப் போய் வருவதும் சில வாரங்களில் முடிந்துவிடும். அதன் பிறகுள்ள ஆண்டுகளை என்ன செய்வது?

நாம் கருதுவது இதுதான்: கடை வேறு, கடையில் நாம் பெற்ற ஆற்றல் வேறு. ஆளறிந்து கடன் கொடுப்பதும், நட்டப்பட்ட மறுநாளும் கதவைத் திறப்பதும் மகனுக்கு எழுதிக் கொடுக்கும் சொத்தில் சேரமாட்டா. அவை நம்மோடு வரும். அவற்றுக்கு வெளியே நிறைய வேலை இருக்கிறது. சங்கத்தின் வரவு செலவைப் பார்க்க அனுபவமுள்ள கண் வேண்டும். புதிதாகக் கடை வைத்துத் தவிக்கும் இளைஞனுக்கு, பங்கு கேளாமல் யோசனை சொல்ல ஒருவர் வேண்டும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர் இப்போது மாணவராகலாம். சிங்கப்பூரில் 2016இல் தொடங்கிய நேஷனல் சில்வர் அகாடமி, 50 வயதைக் கடந்தவர்களுக்கென்றே வகுப்புகளுக்கு வழி செய்திருக்கிறது. இவ்வளவும் இருக்க, மனைவியோடு அமர்ந்து நிதானமாகப் பகலுணவு உண்டு எத்தனை நாளாயிற்று என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிட வேண்டியதில்லை. முதலில் கொள்முதலை மகனிடம் விடுவோம். அவன் ஒருமுறை தவறி நட்டப்பட்டாலும் குறுக்கிடாதிருப்போம். நாமும் அப்படித்தானே கற்றோம்? அடுத்த ஆண்டு காசோலைக் கையெழுத்தையும் விடுவோம். நம் செலவுக்கும் மனைவியின் பாதுகாப்புக்கும் வேண்டியதைத் தனியே வைத்துக்கொள்வோம். கொடுக்கல் வாங்கல் அனைத்தையும் எழுதி வைப்போம். மனக்கணக்காகவே வைத்திருந்தால் அது நம்மோடு போய்விடும்; பிள்ளைகளுக்கு வழக்குத்தான் மிஞ்சும்.

கை வலுவாயிருக்கும்போதே சாவியைக் கொடுப்போம். அப்போதுதான் மகனுக்கு ஓர் ஐயம் வரும் நாளில், வீட்டுக்கு வந்து கேட்பதற்கு நாம் இருப்போம்.