காத்திருப்பது எதற்காக?

"ரெண்டு ரூபாய்தானே சார், போனால் போகட்டும்" என்று சொல்லித்தான் பென்னி ஸ்டாக் வாங்குகிறார்கள். உண்மையில் போனால் போகட்டும் என்று யாரும் வாங்குவதில்லை. ஐயாயிரம் பங்கு கணக்கில் ஏறிய இரவே மனசு வீட்டுக்கு வானம் தோண்ட ஆரம்பித்துவிடும்.

இந்த ஆசையை வளர்த்துவிட்டதில் சுஸ்லானுக்குப் பெரிய பங்குண்டு. 2008 ஜனவரியில் 400 ரூபாயைத் தாண்டி விற்ற காற்றாலைப் பங்கு அது. ஜெர்மனியின் ரீபவர் என்ற காற்றாலை நிறுவனத்தை வாங்கிய வகையிலும் கடன் ஏறியது. 2012-ல் வெளிநாட்டுக் கடன் பத்திரங்களுக்குப் பணம் தர முடியவில்லை. 2020 மார்ச்சில் விலை 2 ரூபாய்க்கும் கீழே. 2024 செப்டம்பரில் 86 ரூபாய்! அடிமட்டத்தில் வாங்கியவருக்கு நாற்பது மடங்கு. பொறுமைக்குக் கிடைத்த பரிசு என்று இதைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள்.

2008-ல் வாங்கியவர் மட்டும் பொறுமை இல்லாதவரா? பதினாறு வருடம் காத்திருந்தும் போட்டதில் கால்வாசிகூட அவருக்குத் திரும்பவில்லை. அவரை யாரும் உதாரணம் காட்டுவதில்லை.

சுஸ்லானை மீட்டது பங்குதாரர்களின் பொறுமை அல்ல. கடன் குறைந்ததுதான். 2022 அக்டோபரில், நிறுவனர் துளசி தந்தி இறந்த அதே மாதத்தில், இருக்கும் பங்குதாரர்களுக்குப் பங்கு 5 ரூபாய் வீதம் உரிமைப் பங்கு வெளியிட்டு, கடனை அடைக்க 1,200 கோடி ரூபாய் திரட்டினார்கள். கடன் குறைவதைக் கவனித்துக்கொண்டே காத்திருந்தவரின் பொறுமைக்கு ஒரு பொருள் இருந்தது. என் நண்பர் ஒருவர் டிமேட் கணக்கைத் திறந்தே பார்ப்பதில்லை. கேட்டால் 'லாங் டெர்ம்' என்பார். எனக்கென்னவோ அது பொறுமையாகத் தெரியவில்லை, பயமாகத்தான் தெரிகிறது.

வீட்டுக் கடன் நிறுவனமான திவான் ஹவுசிங்கின் கதை இதைவிடக் கொடியது. 2021 ஜூனில், திவாலான அந்தக் கம்பெனியை பிரமல் குழுமம் எடுத்துக்கொள்ளத் தீர்ப்பாயம் ஒப்புதல் தந்தது. நல்ல செய்தி என்று பங்கு அப்பர் சர்க்யூட்டில், அதாவது ஒரு நாளில் ஏறக்கூடிய உச்ச வரம்பு வரை, ஏறியது. ஆனால் அந்தத் திட்டத்திலேயே பழைய பங்குகளின் மதிப்பு பூஜ்யம் என்று இருந்தது. சில நாட்களில் வர்த்தகம் நிறுத்தப்பட்டு, பங்கு சந்தைப் பட்டியலை விட்டே போனது. திவாலான கம்பெனியில் கடன் தந்தவர்களுக்குக் கொடுத்து மிஞ்சினால்தான் பங்குதாரருக்கு. பெரும்பாலும் மிஞ்சுவதில்லை.

விழும்போது விற்றுவிடலாம் என்ற நினைப்பும் இங்கே உதவாது. லோயர் சர்க்யூட் விழுந்தால், அதாவது அன்றைய இறக்க வரம்பைத் தொட்டுவிட்டால், விற்க ஆயிரம் பேர் நிற்பார்கள், வாங்க ஆள் இருக்காது.

உங்களிடமும் அப்படி ஒரு பங்கு இருந்தால், விலையை விடுங்கள். கம்பெனியின் கடன் போன வருடத்தைவிடக் குறைந்திருக்கிறதா, நிறுவனர் தன் பங்கை அடகு வைத்திருக்கிறாரா என்று இந்த வாரமே பாருங்கள். இரண்டும் பங்குச்சந்தை இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.