ரொக்கமும் கடனும்

குடிக்கிறவரைப் பற்றி நம்மிடம் இரண்டே தீர்ப்புகள்: திமிர், இல்லாவிட்டால் நோய். முதலாவதில் அவர் குற்றவாளி. இரண்டாவதில் அவருக்கென்று ஒரு மனசே கிடையாது.

1988இல் கேரி பெக்கர், கெவின் மர்ஃபி என்ற பொருளியலாளர்கள் வேறொன்று சொன்னார்கள்: அடிமையாவதும் எதிர்காலத்தைக் கணக்கிட்டு எடுக்கும் முடிவுதான். காலையில் 'இனி தொட மாட்டேன்' என்று சத்தியம் செய்து, சாயங்காலம் கடை வாசலில் நிற்பவரிடம் என்ன கணக்கு? மனநல மருத்துவர் ஜார்ஜ் ஐன்ஸ்லியின் பதில் பொருந்துகிறது: கணக்கு இருக்கு, அருகில் வரும்போது அது புரண்டுவிடுகிறது. கண்ணருகே பிடித்த விரல் மலையை மறைக்கிற மாதிரி.

அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ், கொகெய்ன் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றவர்களிடம் இதைச் சோதித்தார். சிறுநீரில் கொகெய்ன் இல்லையென்றால் பொருளாக மாற்றிக்கொள்ளும் கூப்பன். முதல் முறை இரண்டரை டாலர். தொடர்ந்தால் ஏறும், தவறினால் மறுபடி முதலிலிருந்து. 1994இல் வெளியான ஆய்வில், கூப்பன் பெற்றவர்களில் 75 சதவீதத்தினர் 24 வாரச் சிகிச்சையை முடித்தார்கள். அதே ஆலோசனையைக் கூப்பன் இல்லாமல் பெற்றவர்களில் 40 சதவீதம்.

'ஒழுங்கா இருக்கறதுக்குக் கூலியா?' கோபம் நியாயம்போலத்தான் தெரியும். ஆனால் கூப்பனுக்கு அசைகிற மனசு செத்த மனசு இல்லை. தேர்வு அவரிடம் இன்னும் இருக்கிறது. அந்தத் தேர்வுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. போதை ரொக்கம், நல்ல உடம்பு, வேலை, மரியாதை எல்லாம் 'அப்புறம் தர்றோம்' என்ற கடன். நம்மிடம் ஏற்கெனவே பலமுறை ஏமாந்தவர் அந்தக் கடனை ஏன் நம்பணும்?

குடிப்பது அவர் முடிவு, சரி. குடிக்காத ஒரு சாயங்காலத்துக்கு இன்றைக்கே கையில் எதைக் கொடுத்தோம் என்பது நம் கணக்கு.